பனிக்கடியில் உறங்கும் பூக்கள்: சிங்கப்பூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் கனடாவின் ஒட்டாவாவில் குடியேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவள் வீட்டு முன்புறத்தில் ஒரு துண்டு நிலம், பின்புறத்தில் கொஞ்சம் பெரிய நிலம். அந்த மண்ணில் ஏழு இலையுதிர்காலங்களில் நான் துலிப் போன்ற வசந்தப் பூக்களின் கிழங்குகளை நட்டிருக்கிறேன். அவை பூத்து நின்றதை நேரில் பார்த்தது இரண்டே முறை. மற்ற வசந்தங்களைச் சிங்கப்பூர் ஈசூனில் என் வீட்டில் உட்கார்ந்து, மகள் அனுப்பும் படங்களில் பார்த்தேன். அந்தப் படங்களை எங்கள் சமூகத் தோட்டத்தில் காட்டத் தொடங்கியதிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. பிள்ளைகளைக் குளிர்நாட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கும் இங்குமாக வாழும் பெற்றோர் கேட்கிறார்கள். தாழ்வாரத்தில் நான்கு தொட்டி வைத்திருக்கும் அண்டை வீட்டாரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

வசந்தத்தில் பூக்கும் கிழங்குப் பூக்கள் என்றால் எவை?

எல்லோருக்கும் தெரிந்தது துலிப். அதற்கு அடுத்து மஞ்சள் குழல் போன்ற டாஃபடில், மணம் வீசும் ஹயசிந்த், தரையோடு தரையாகப் பூக்கும் குரோக்கஸ், பனி முழுதும் உருகுமுன்பே தலை காட்டும் வெள்ளை ஸ்னோடிராப், நீலத் திராட்சைக் கொத்தைக் கவிழ்த்ததுபோல் நிற்கும் மஸ்காரி. கடைசியாக, ஊதா நிறப் பந்துகளாக உயரும் அல்லியம். இந்த அல்லியம் நம் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் உடன்பிறப்பு. தண்டைக் கிள்ளினால் சமையலறை வாசனையே வரும்.

இவை கிழங்குகளா, வெங்காயம் மாதிரியா?

பேச்சில் எல்லாவற்றையும் கிழங்கு என்றே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் பிரித்துச் சொல்வார்கள். வெங்காயம்போல் அடுக்கடுக்காக ஏடுகள் கொண்டது குமிழம்: துலிப், டாஃபடில், ஹயசிந்த் ஆகியவை இந்த வகை. சேம்பைப்போல் உள்ளே ஒரே திரளாக இருப்பது கந்தம், குரோக்கஸ் அது. நடும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

துலிப் கிழங்கு ஒன்றை நெடுக்குவாட்டில் வெட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஐப்பசியில் வெட்டினாலே, வெள்ளை ஏடுகளின் நடுவில் அரிசி அளவில் ஒரு முழுப் பூ தெரியும். இதழ், மகரந்தத்தாள், சூலகம் எல்லாம் உருவாகி இருக்கும். முந்தைய கோடையிலேயே அது அங்கே வந்துவிட்டது. அடுத்த மே மாதம் நாம் பார்க்கப் போகும் பூவை ஏழு மாதம் முன்னதாகவே கையில் ஏந்திக்கொண்டிருக்கிறோம் என்று முதன்முதலில் விளங்கியபோது, வெட்டியதற்காக எனக்கு மனம் வலித்தது.

எப்போது நட வேண்டும்? வசந்தத்தில் பூப்பதை வசந்தத்தில்தானே நட வேண்டும்?

இந்தத் தவற்றைப் பலரும் செய்கிறார்கள். ஏப்ரலில் மகன் வீட்டுக்குப் போய், எதிர்வீட்டுத் தோட்டத்தில் துலிப்பைப் பார்த்து மயங்கி, உடனே கடைக்கு ஓடிக் கிழங்கு கேட்பார்கள். இருக்காது. இலையுதிர்காலத்தில்தான் கடைக்கு வரும், அப்போதுதான் நட வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் ஊரில் சொல்வார்கள். ஒட்டாவாவில் துலிப்புக்கான பட்டம் புரட்டாசி நடுவிலிருந்து ஐப்பசி நடுவரை: செப்டம்பர் முடிவிலிருந்து அக்டோபர் வரை. லண்டன் போன்ற மிதமான குளிர் உள்ள இடங்களில் துலிப்பை நவம்பரில்கூட நடலாம்.

நாளைப் பார்ப்பதைவிட மண்ணைப் பாருங்கள். மண்ணின் வெப்பம் 12, 13 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் உறைந்திருக்கக் கூடாது. மேப்பிள் இலைகள் பாதி உதிர்ந்த வாரத்தில் நான் தொடங்குவேன். கிழங்குக்கு வேர் விட ஐந்தாறு வாரம் கிடைத்தால் போதும்.

குளிர் எதற்கு? சூடும் வெயிலும் கொடுத்தால் இன்னும் நன்றாக வளராதா?

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை ஒப்புக்கொள்வது கடினம். நமக்குச் செடி என்றால் வெயில், மழை, வளர்ச்சி. எந்த மாதம் ஊன்றினாலும் துளிர்க்கும். துலிப்பின் கதை வேறு.

துலிப்பின் தாயகம் ஹாலந்து அல்ல. மத்திய ஆசியாவின் தியென் ஷான், பாமிர் மலைப்பகுதிகள். அங்கே குளிர்காலம் கொடியது, கோடை வறண்டது; இரண்டுக்கும் நடுவில் ஈரமுள்ள நாட்கள் மிகக் குறைவு. அந்தச் சில வாரங்களுக்குள் முளைத்து, பூத்து, விதைத்து, அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேர்த்துவிட்டு மண்ணுக்குள் திரும்பிவிட வேண்டும். தவறான நேரத்தில் தலையை நீட்டினால் மொட்டு கருகிவிடும். ஆகவே, நீண்ட குளிரைக் கடந்த பிறகே எழுவது என்று அந்தச் செடி பழகிக்கொண்டது. இடையில் இரண்டு நாள் வெயில் அடித்தால் அது ஏமாறுவதில்லை. குளிரை வாரக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கிறது.

துலிப்புக்கு 2 முதல் 9 டிகிரிக்குள் 12 முதல் 16 வாரங்கள் வேண்டும். ஹயசிந்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் போதும். அந்த வாரங்களில் கிழங்கு சும்மா கிடப்பதில்லை. ஏடுகளில் சேர்த்து வைத்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. பூந்தண்டை நீளச் செய்யும் ஊக்கிகள் வேலைக்குத் தயாராகின்றன. குளிரே படாத கிழங்கை ஊன்றினாலும் முளைக்கும். ஆனால் தண்டு நீளாது. இலைகளுக்கு நடுவிலேயே மொட்டு சிக்கிக்கொண்டு, காகிதம்போல் உலர்ந்துவிடும். பூ உள்ளே இருந்தும் வெளியே வர வழியில்லாத அந்தக் கோலத்தை என் சமையலறை மேடையில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மைனஸ் இருபதில் மண்ணுக்குள் செத்துப்போகாதா?

பனி ஒரு கம்பளி. வெளியே காற்று மைனஸ் இருபதில் வீசினாலும், முழங்கால் அளவு பனிக்கு அடியில் உள்ள மண் உறைநிலையை ஒட்டியே இருக்கும். கிழங்கில் சேர்ந்த சர்க்கரையும் திசுக்கள் உறையாமல் காக்கிறது. ஆபத்து, பனியே இல்லாத கடுங்குளிரில் உண்டு. மண் உறைந்து, இளகி, மறுபடி உறையும்போது கிழங்கை மேலே தள்ளிவிடும். மண் ஒருமுறை உறைந்த பிறகு மேலே இலைச்சருகு பரப்பி வைத்தால் இது நடக்காது.

எவ்வளவு ஆழம்?

கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு. துலிப்புக்கும் டாஃபடிலுக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர், குரோக்கஸுக்கு 8 அல்லது 10. கூர்முனை மேலே, வேர்த்தட்டு கீழே. தலைகீழாகிப் போனாலும் பெரும்பாலும் வளைந்து மேலே வந்துவிடும், ஆனால் வலுக்குன்றும்.

ஆழத்தைவிட வடிகால்தான் முக்கியம். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் கிழங்கு அழுகும். மகள் வீட்டு மண் பிசுபிசுப்பான களி; முதல் ஆண்டில் முப்பது நட்டு ஒன்பதுதான் வந்தது. மறு ஆண்டு இரண்டு மண்வெட்டி ஆழத்துக்குத் தோண்டி, மட்கிய இலையுரத்தைக் கலந்து மேடாக்கிய பிறகு நிலைமை மாறியது.

ஒரு சொந்தக் கருத்து: வரிசையாக, முழம் போட்டு அளந்து நடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு கிழங்குகளை ஒரே குழியில் கூட்டமாக வையுங்கள். தனித்தனியே நிற்கும் துலிப் ஊர் தெரியாமல் நிற்பவரைப்போல் இருக்கும். கூட்டமாக நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அணில் தோண்டித் தின்றுவிடுகிறதாமே?

ஆம். ஒட்டாவா அணில்கள் நம் மரத்து அணில்களைவிடப் பெரியவை, குளிர்காலத்துக்குச் சேமிக்கும் அவசரத்தில் இருப்பவை. துலிப்பும் குரோக்கஸும் அவற்றுக்கு விருந்து. நட்ட இடத்தின்மேல் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையை விரித்து மண்ணால் மூடிவிடுங்கள். முளை அதன் கண்கள் வழியே வந்துவிடும். கிழங்கிலிருந்து உதிர்ந்த பழுப்புத் தோலைத் தரையில் விடாதீர்கள், அந்த வாசனையே அழைப்பு. இவ்வளவு பாடுபட மனமில்லை என்றால் டாஃபடில் மட்டும் நடுங்கள். அதில் நஞ்சு இருப்பதால் அணிலும் மானும் தொடாது.

எந்த வரிசையில் பூக்கும்?

ஒட்டாவாவில் ஏப்ரல் முதல் பாதியில் பனி கரையக் கரைய ஸ்னோடிராப்பும் குரோக்கஸும் வரும். ஏப்ரல் முடிவிலிருந்து டாஃபடில், ஹயசிந்த், மஸ்காரி. மே முழுவதும் துலிப். மே முடிந்து ஜூன் தொடங்கும்போது அல்லியம். முன்னதாகப் பூப்பது, நடுவில் பூப்பது, பிந்திப் பூப்பது என்று துலிப்பிலேயே வகைகள் உண்டு. மூன்றையும் கலந்து வாங்கினால் மூன்று வாரத்துக்குமேல் பார்க்கலாம். லண்டனில் இதே வரிசை ஒரு மாதத்துக்குமேல் முன்னதாகவே தொடங்கிவிடும்.

நம் கணக்கில் சித்திரை இளவேனில். தமிழ்ப் புத்தாண்டு அன்று மகள் வீட்டு முற்றத்தில் பாதி பனியும் பாதிச் சேறுமாகத்தான் இருக்கும். அந்தச் சேற்றில் விரல் உயரத்துக்கு ஊதாநிறக் குரோக்கஸ் நிற்கும். அதைப் படமெடுத்து அனுப்புவதுதான் அவளுடைய புத்தாண்டு வாழ்த்து.

பூத்து முடிந்ததும் இலைகளை வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். காய்ந்த பூவை மட்டும் கிள்ளிவிடுங்கள், விதை கட்டுவதில் சத்து வீணாகாமல் இருக்க. இலைகள் தாமாக மஞ்சளாகும் வரை ஆறு வாரம்போல் விட்டுவைக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. ஆனாலும் அந்த ஆறு வாரத்தில்தான் அடுத்த ஆண்டுக்கான உணவு கிழங்குக்குள் இறங்குகிறது. என் மருமகன் புல்வெட்டும் இயந்திரத்தோடு ஒருமுறை டாஃபடில் இலைகளையும் சேர்த்துத் துப்புரவாக்கிவிட்டார். மறு ஆண்டு அந்த மூலையில் வெறும் இலைதான் வந்தது.

முதல் ஆண்டு அழகாகப் பூத்தது, இரண்டாம் ஆண்டு பாதி, மூன்றாம் ஆண்டு இலை மட்டும். என்ன தவறு செய்தேன்?

ஒன்றும் செய்யவில்லை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான துலிப் வகைகள் அப்படித்தான். பெரிய கிழங்கு பூத்ததும் சிறு சிறு கிழங்குகளாகப் பிரிந்துவிடும். அவை மீண்டும் பூக்கும் அளவுக்குப் பருக்க, தாயகத்தைப்போல் வறண்ட, சூடான கோடை வேண்டும். நாமோ கோடையில் அதே பாத்தியில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். ஆண்டுதோறும் வர வேண்டும் என்றால் டார்வின் கலப்பு வகை துலிப் அல்லது சிறிய காட்டு வகைகளைத் தேடுங்கள். டாஃபடிலோ கொடுத்து வைத்தது. நட்டுவிட்டு மறந்தால் பத்து ஆண்டில் பல மடங்காகப் பெருகும்.

வெங்காயம் மாதிரியே இருக்கிறதே, சமைக்கலாமா?

கூடவே கூடாது. டாஃபடில் கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. வெங்காயம் என்று நினைத்துச் சமைத்தவர்கள் வாந்தியெடுத்துப் படுத்திருக்கிறார்கள். கிழங்குகளைச் சமையலறையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஹயசிந்த் கிழங்கைத் தொட்டாலே சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போடுங்கள்.

துலிப் கிழங்கை மனிதர்கள் உண்டதும் உண்டு. 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் கிடந்தபோது, வேறு வழியின்றி துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். நச்சுத்தன்மையுள்ள நடு முளையை நீக்கிவிட்டு, மீதியைக் கஞ்சியாக்கினார்கள். மறு வசந்தத்துக்கான பூவைத்தான் அவர்கள் தின்ன நேர்ந்தது.

ஒட்டாவாவின் துலிப் கதை இதோடு பிணைந்தது. போரின்போது நெதர்லாந்து இளவரசி ஜூலியானா அடைக்கலம் புகுந்தது ஒட்டாவாவில்தான். 1943 ஜனவரியில் அங்குள்ள மருத்துவமனையில் அவருக்கு மார்கிரெட் பிறந்தார். குழந்தைக்கு டச்சுக் குடியுரிமை மட்டுமே இருக்க வேண்டும் என்பதற்காக, அந்தப் பிரசவ அறையைக் கனடாவின் ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்ட இடமாக அரசாங்கம் அறிவித்தது. நெதர்லாந்தை விடுவித்ததில் கனடியப் படையினருக்குப் பெரும் பங்கு. அந்த ஆண்டே, 1945-இல், ஒரு லட்சம் கிழங்குகளை நெதர்லாந்து நன்றியாக அனுப்பியது. சில மாதங்களுக்கு முன் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த நாடு அனுப்பிய ஒரு லட்சம் என்று நினைத்துப் பாருங்கள். இன்றும் ஆண்டுதோறும் வருகின்றன. டவ்ஸ் ஏரிக்கரையில் மே மாதத்தில் அந்தப் பாத்திகளைக் கடந்து நடந்தபோது, எனக்கு நிறங்களைவிட இதுவே மனத்தில் நின்றது.

சிங்கப்பூரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், துலிப் வளர்க்க முடியுமா?

ஒருமுறை பூக்க வைக்கலாம். வளர்க்க முடியாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால் மட்டும் இறங்குங்கள். இங்கே இரவிலும் 24, 25 டிகிரி. கிழங்கு எண்ணிக் காத்திருக்கும் குளிர், குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டுமே கிடைக்கும்.

முதல் முறை நான் தோற்றேன். கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டுப் பெட்டியின் கீழ்த்தட்டில் பதினான்கு வாரம் வைத்தேன். அதே தட்டில் ஆப்பிளும் மாம்பழமும் வந்து போய்க்கொண்டிருந்தன. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. அது கிழங்குக்குள் இருக்கும் பூவைக் கொன்றுவிடும். எனக்கு அப்போது தெரியாது. ஊன்றியபோது இலை செழிப்பாக வந்தது. நடுவில் சுருங்கிய காகிதம்போல் ஒரு மொட்டு. மேலே நான் சொன்ன கோலம் அதுதான். குளிர் போதாவிட்டாலும் எத்திலீன் பட்டாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றே.

இரண்டாம் முறை வழியை மாற்றினேன். சிறிய தொட்டியில் ஈரமான மண்ணில் ஐந்து கிழங்கை நெருக்கமாக ஊன்றி, தொட்டியையே பெட்டிக்குள் வைத்தேன். இங்கே வெளியில் வைத்தால் வேர் விடுவதற்கான இதமான குளிர் இல்லை. பெட்டிக்குள்ளேயே வேர் விடட்டும் என்று. வெப்பநிலை 4 டிகிரி. பழம் ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பத்து நாளுக்கு ஒருமுறை மண் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். பதினைந்து வாரம் கழித்து, இரண்டு விரல் முளையோடு வெளியே எடுத்து, முதல் வாரம் இரவில் குளிரூட்டிய அறையிலும் பகலில் வெளிச்சமுள்ள நிழலிலும் வைத்தேன். மூன்றே வாரத்தில் நான்கு பூ. தண்டு ஒரு சாண்கூட இல்லை. நான்கு நாளில் இதழ் உதிர்ந்தது. அந்த நான்கு நாளும் எங்கள் தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எட்டாம் மாடிப் பாட்டி ஒருவர் ஒவ்வொரு காலையும் வந்தார். அதற்குப் பிறகு கிழங்கு உரக்குழிக்குத்தான். இந்தச் சூட்டில் அது மறுபடி பூக்க வலு பெறாது.

பொதுத் தாழ்வாரத்தில் தொட்டி வைக்கிறவர்கள் நடப்பதற்கு 1.2 மீட்டர் வழியை விட்டுவைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ஹயசிந்தைக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீரிலேயே வளர்க்கிறார்களே?

கழுத்து ஒடுங்கிய குடுவையில், கிழங்கின் அடி தண்ணீரைத் தொடாமல் மேலே அமரும்படி வைப்பார்கள். வேர் தண்ணீரைத் தேடி இறங்கும். குளிர்வித்த கிழங்கானால் இங்கும் பூக்கும், துலிப்பைவிட எளிது. அறை முழுக்க மணக்கும். ஆனால் தேங்கிய தண்ணீர் என்றாலே நமக்கு டெங்கி நினைவு வர வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றி, குடுவையின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள்.

குளிரே தேவைப்படாத வகை ஏதும் இல்லையா?

இருக்கிறது, நம் கண்ணெதிரிலேயே. சீனப் புத்தாண்டுக்கு முன் கடைகளில் வெள்ளைப் பூ பூக்கும் ஒரு வெங்காயச் செடியைத் தட்டில் கூழாங்கல்லும் தண்ணீருமாக விற்பார்கள். சீனத்தில் அதன் பெயருக்கு நீரில் வாழும் தேவதை என்று பொருள். அது டாஃபடிலின் நெருங்கிய உறவு. ஃபூஜியான் மாநிலத்தின் ஜாங்ஜோ இந்தக் கிழங்குக்குப் பேர்போனது. உறைகுளிர் கேட்காத வகை. தண்ணீரில் வைத்த நான்கு முதல் ஆறு வாரத்தில் மணக்க மணக்கப் பூக்கும். துலிப்புக்குச் செய்யும் செலவில் பாதியை இதற்குச் செய்யுங்கள் என்றே நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

வாங்கி வந்த துலிப் பூங்கொத்து இரண்டு நாளில் தலைசாய்ந்துவிடுகிறது.

தண்டின் அடிநுனியை அரை அங்குலம் வெட்டி, குளிர்ந்த தண்ணீர் கொஞ்சமாக ஊற்றி வையுங்கள். இரவில் குளிர்பதனப் பெட்டியில், பழம் இல்லாத தட்டில். வெட்டிய பிறகும் துலிப் தண்டு நீண்டுகொண்டே போகும், வெளிச்சத்தை நோக்கி வளையும். அது வாடல் அல்ல. டாஃபடிலோடு ஒரே குடுவையில் உடனே சேர்க்காதீர்கள். டாஃபடில் தண்டிலிருந்து கசியும் பசை துலிப்பை வாட்டிவிடும். ஓர் இரவு தனியே தண்ணீரில் வைத்த பிறகு, மீண்டும் வெட்டாமல் சேர்க்கலாம்.

எங்கே போய்ப் பார்க்கலாம்? பள்ளி விடுமுறையில் முடியுமா?

முதலில் உள்ளூரிலேயே. கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோமில் 2013 முதல் துலிப் காட்சி நடந்துவருகிறது, பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். அந்தக் கண்ணாடிக் கூடத்தில் 23 முதல் 25 டிகிரி வரைதான். முன்கூட்டியே குளிர்வித்த கிழங்குகளைக் கொண்டுவந்து, வாடியதை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் அது நடக்கிறது. அங்கே பணிபுரிகிறவர்களின் உழைப்பை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

வெளிநாடு என்றால், நம் பள்ளி விடுமுறைகள் துலிப்போடு ஒத்துப்போவதில்லை. மார்ச் விடுமுறைக்கு வடக்கே இன்னும் பூக்கத் தொடங்கியிருக்காது, ஜூனில் முடிந்திருக்கும். ஹாலந்தின் கேகன்ஹாஃப் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை மட்டுமே திறந்திருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் கிழங்குகளை அங்கே கையால் நடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஸ்ரீநகர். தால் ஏரிக்கு மேலே, ஜபர்வான் மலையடிவாரத்தில் இருக்கும் துலிப் தோட்டம். மார்ச் கடைசியிலிருந்து ஒரு மாதம்போல் பூக்கும். துலிப்பின் பிறப்பிட மலைகளுக்கு அது ஹாலந்தைவிட எவ்வளவோ அருகில். புனித வெள்ளி விடுப்போடு இரண்டு நாள் சேர்த்தால் போய் வரலாம்.

தம்பி குடும்பம் பெர்த்தில் இருக்கிறது. அங்கே?

காலம் தலைகீழ். ஏப்ரல், மே மாதங்களில் நட்டால் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் பூக்கும். பெர்த்தின் குளிர் துலிப்புக்குப் போதாது. நடுவதற்கு முன் ஆறு முதல் எட்டு வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். மெல்பர்னில் டாஃபடில் தானாகவே வரும். மெல்பர்னுக்கு அருகே டாண்டினாங் மலைத்தொடரில் செப்டம்பரில் துலிப் விழா உண்டு.

அங்கிருந்து பெட்டியில் நாலு கிழங்கு போட்டுக்கொண்டு வரலாமா?

சான்றிதழ் இல்லாமல் கூடாது. மண்ணிலும் கிழங்கிலும் நோயும் புழுவும் பயணம் செய்யும். ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இங்கே அதைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகம். தாம்சன் சாலை நாற்றுப் பண்ணைகளில் கேட்டுப் பாருங்கள், வந்தால் அங்கே வரும்.

அப்படியானால் நம் சூட்டுக்கு ஏற்ற கிழங்குப் பூ எதுவும் இல்லையா?

எவ்வளவோ இருக்கின்றன, அவற்றை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் குறை. நடைபாதை ஓரங்களில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் மழை அல்லியை நினைத்துப் பாருங்கள். சில வாரம் வறண்ட வானிலைக்குப் பிறகு ஒரு கனமழை. மூன்று நான்கு நாளில் கூட்டமாக எழுந்துவிடும். துலிப் குளிரை எண்ணுகிறது, மழை அல்லி வறட்சியை எண்ணி மழைக்குக் காத்திருக்கிறது. நம் காந்தளும் அப்படியே. கோடையில் கொடி மடிந்து, கிழங்கு மட்டும் மண்ணில் கிடந்து, மழை வந்ததும் துளிர்த்து, கார்த்திகையில் தீச்சுடராக நிற்கும். அதனாலேயே கார்த்திகைப் பூ என்று பெயர். அதன் கிழங்கும் கடும் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

தேக்காவில் (சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா) மாலை கட்டும் கடைகளில் கொட்டிக் கிடக்கும் சம்பங்கியும் கிழங்குப் பூதான். வெயில் படும் இடம் இருந்தால் தொட்டியில் வரும். மழை அல்லியிலிருந்து தொடங்குங்கள்: ஒரு தொட்டியில் பத்துக் கிழங்கு, மூன்று வாரம் தண்ணீரைக் குறைத்துவிட்டு ஒரு மாலை நன்றாக ஊற்றுங்கள்.

இந்தப் பூக்களைச் சாமிக்கு வைக்கலாமா, மாலை கட்டலாமா?

இதைக் கேட்டவர் டொரோண்டோவுக்கு மருமகளாகப் போகும் ஒரு பெண்ணின் தாயார். துலிப்பைத் தட்டில் வைக்கலாம், மாலைக்கு ஆகாது. பெரும்பாலான வகைகளில் மணமும் இல்லை. டாஃபடில் தண்டின் பசை கையை அரிக்கும். ஆனால் ஹயசிந்த் கட்டலாம். ஒரு தண்டில் முப்பது நாற்பது சிறு பூக்கள், ஒவ்வொன்றும் சிறு குழலோடு, ஏறத்தாழச் சம்பங்கியைப்போலவே. தாவரவியல்படியும் இரண்டும் இன்று ஒரே குடும்பத்தில் வைக்கப்பட்டவை. ஊசியில் நூலைக் கோத்து, குழலின் நடுவே குத்தி இழுத்தால் இதழ் கசங்காது.

மகள் அதைத்தான் செய்கிறாள். நான் நட்ட நீல ஹயசிந்த் சித்ரா பௌர்ணமியை ஒட்டிப் பூக்கும். இரண்டு தண்டை மட்டும் வெட்டி, ஒரு முழம் கட்டி முருகன் படத்துக்குப் போடுவாள். போன ஆண்டு காணொளி அழைப்பில் அதைக் காட்டினாள். பின்னால் சன்னலுக்கு வெளியே, வடக்குச் சுவரோரம் நிழலில் இன்னும் கொஞ்சம் பனி கிடந்தது.